லுணுகங்கையும் பிள்ளைகள் கேட்ட கேள்வியும்



போன மாதம் தரம் பத்துப் பிள்ளைகளை தெத்துவ வாவிக் கரையிலுள்ள லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனோம். தர்கா நகரிலிருந்து கிட்டத்தான். ஆனாலும் எங்களில் பாதிப்பேர் அதுவரை உள்ளே போனதில்லை. வெள்ளைக்காரர் வந்து தங்கும் இடம் என்று விட்டுவிட்டோம்.

"சேர், பாவா எண்டா எங்கட ஆளா?" வாசலிலேயே ஒரு மாணவன் கேட்டான்.

கொஞ்சம் எங்கட ஆள்தான். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தகப்பன்வழிப் பாட்டனார் அகமது பாவா ஒரு முஸ்லிம் சட்டத்தரணி. அவர் முடித்தது ஆங்கிலேயப் பெண்ணை. மகன் பெஞ்சமினும் சட்டத்தரணி. அவரது மனைவி பறங்கியர். 1919இல் ஜெஃப்ரி பிறந்தபோது எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான். அதைச் சொல்லிப் பெருமைப்படவும் தயக்கம், விட்டுவிடவும் மனமில்லை.

அவரும் சட்டம் படித்தவர். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்க நினைத்தார், சரிவரவில்லை. ஊர் திரும்பி 1948இல் இந்த றப்பர் தோட்டத்தை வாங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் இது கறுவாத் தோட்டம். நினைத்ததைச் செய்யக் கைப்பழக்கம் போதாமல் லண்டன் போய்க் கட்டடக் கலை படித்து, 1957இல் தேறியபோது வயது 38. கோட்டேயில் தண்ணீர் நடுவே நிற்கும் பாராளுமன்றம் அவர் கைவேலைதான். 2003இல் மௌத்தாகும்வரை இந்தத் தோட்டத்தையும் விடவில்லை.

வீட்டிலிருந்து வாவி தெரியவில்லை என்று எதிரேயிருந்த கறுவா மேட்டின் உச்சியையே வெட்டி இறக்கினார். நடுவே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டார். வீட்டிலிருந்து பார்த்தால் புல்லும் தண்ணீரும்தான், பாதையில் போகும் சனம் கண்ணில் படாது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"அப்ப நாங்க அதால நடந்து போனா மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா சேர்?" அதே மாணவன்.

தெரியாது என்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள், தன் மூத்தாப்பா அங்கே மண் சுமந்தவராம். வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லையாம். பாவாவைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. மம்பட்டி பிடித்தவர்களின் கதை எங்கள் வீடுகளில்தான் கிடக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கு வேலை செய்திருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகள் கொப்பியோடு வந்து கேட்டு எழுதத் தயாராக இருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு வந்தால் வசதியா?