அன்னாசிப் பட்டணத்தில் ரிம்முக்கு வைத்தியம்



ஜொகூர் பாருவிலிருந்து வரும் பெருஞ்சாலையை ஸ்கூடாயில் விட்டு மேற்கே திரும்பினால், பொந்தியானுக்குப் போகும் சாலை கிடைக்கும். இது 5-ஆம் எண் கூட்டரசு சாலை. இங்கே தொடங்கும் இச்சாலை பத்து பகாட், மூவார், மலாக்கா, கிள்ளான் என்று மேற்குக் கரையை ஒட்டியே நடந்து ஈப்போவில் போய் நிற்கிறது. பொந்தியான் கெச்சிலை எட்டுவதற்கு முன்னால், இச்சாலையின் மேல் இருக்கும் சிறு பட்டணம்தான் பெக்கான் நானாஸ்.

'பெக்கான்' என்றால் சிறு பட்டணம். 'நானாஸ்' என்றால் அன்னாசி. நம் தமிழ் 'அன்னாசி'யும் மலாய் 'நானாஸ்'ஸும் உடன்பிறப்புகள் என்பது தெரியுமா? தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் வைத்த பெயரைப் போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நாம் ஒரு விதமாகவும் மலாய்க்காரர் ஒரு விதமாகவும் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, டின்னில் அடைத்த அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்த இடம் மலாயாவுக்குத்தான். அந்தப் பழங்களில் பெரும்பகுதி ஜொகூர் மண்ணில் விளைந்தவை. 1957-இல் அன்னாசித் தொழிலுக்கென்றே ஒரு வாரியம் ஏற்பட்டது. 1996-இல் 'மார்டி' ஆராய்ச்சி நிலையம் 'ஜோசபின்' என்னும் இனிப்பு ரகத்தை வெளியிட்டது. அன்னாசித் தொழிலைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றும் இவ்வூரில் அமைக்கப்பட்டது.

ஆனால் இன்று உங்களை அழைத்து வந்தது பழம் தின்பதற்கு மட்டுமல்ல. நம் வீட்டுக் காரின் சக்கர ரிம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அன்னாசிக்கும் ரிம்முக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் மண்ணில் இருக்கிறது.

மண் அமிழும், மதகு அமிழாது

பொந்தியான் வட்டாரத்தின் பல பகுதிகளில் இருப்பது 'பீட்' எனப்படும் சதுப்புக் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் விழுந்த இலையும் மரமும் பாதி மக்கியும் மக்காமலும் சேர்ந்தது இந்த மண். இதில் ஓடும் தண்ணீரைப் பாருங்கள், 'தே ஓ' நிறத்தில் இருக்கும். புளிப்பு மண் ஆகையால் பல பயிர்களுக்கு ஆகாது. அன்னாசியோ இந்தப் புளிப்பைப் பொருட்படுத்தாமல் வளரும். அதனால்தான் இங்கே அது குடியேறியது.

பயிர் செய்ய வேண்டுமானால், 'பாரிட்' என்னும் வாய்க்கால்களை வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் கரிமண் காய்கிறது, சுருங்குகிறது, காற்றுப் பட்டு மக்கிக் கரைகிறது. மேற்கு ஜொகூரில் அளந்து பார்த்தபோது, வடிகால் வெட்டிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே இருப்பது தெரிந்தது.

இப்போது சாலையை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட மண்மேல் போட்ட சாலை மெல்ல மெல்ல அமிழும். ஆழமாக முளையடித்துக் கட்டிய மதகும் பாலமும் அமிழாமல் நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் படிபோல ஒரு மேடு உண்டாகிவிடும். செம்பனைக் குலையும் பழமும் ஏற்றிய லாரிகள் ஓடும் தோட்டப் பாதையானால் விளிம்பு உடைந்து குழியும் விழும். மழை நாளில் குழியில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. 'டமார்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும்!

இரும்பு ரிம்மும் 'ஸ்போர்ட் ரிம்'மும்

1985-இல் புரோட்டோன் சாகா வந்தபோது அதன் சக்கரம் 13 அங்குலம். ரிம் சிறியது, டயரின் பக்கச்சுவர் உயரமானது. குழியில் விழுந்தால் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். இப்போது நம் பிள்ளைகள் அழகுக்காகப் பெரிய 'ஸ்போர்ட் ரிம்' போட்டு, ஒல்லியான டயரை மாட்டுகிறார்கள். மெத்தை மெலிந்தால் அடி எலும்பில் படத்தானே செய்யும்?

'ஸ்போர்ட் ரிம்' என்று நாம் சொல்வது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம். 1924-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டி நிறுவனத்தின் '35' ரகக் கார்கள் இத்தகைய வார்ப்புச் சக்கரங்களோடு ஓடின. அன்று பந்தயக்காரருக்கு வந்த பொருள் இன்று தோட்டத்து வீட்டு வாசலிலும் நிற்கிறது.

இரும்பு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் வளையும். அலுமினிய ரிம் வளையவும் செய்யும், விரியவும் செய்யும். இரும்பில் சிவப்புத் துரு பிடிக்கும். அலுமினியத்தில் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் பொடிபோல அரிக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் நோயைப் பாருங்கள்

கீறல், வளைவு, விரிசல் என்று ரிம்முக்கு வரும் காயம் மூன்று வகை. கீறலுக்கு வீட்டிலேயே வைத்தியம் செய்யலாம். வளைவை ரிம் நிமிர்த்தும் கடையில் காட்ட வேண்டும். விரிசல் விட்ட அலுமினிய ரிம்மைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாராமல் சாயத்தை அடித்துவிட்டால், அது வைத்தியமல்ல; புண்ணை மூடி வைத்த கதை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரத்தைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உள்பக்கத்தை மறக்காதீர்கள். குழியில் விழும்போது அடி பெரும்பாலும் உள்விளிம்பில்தான் படுகிறது. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. டயரில் காற்று இருக்கும்போதே விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். கொப்புளம் வந்தால் அங்கே காற்றுக் கசிகிறது. விளிம்பு வளைந்திருக்கலாம், விரிசலும் இருக்கலாம். அந்தச் சக்கரத்தை அப்படியே டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வளைவைப் பார்க்க வேறொரு வழி உண்டு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம்முக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் நட்டு வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோணியிருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அலுமினிய ரிம் வார்த்த பிறகு, அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்படுவது. அதை நெருப்பு வைத்து நிமிர்த்தினாலும் விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டினாலும் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். அடுத்த குழியில் கைவிட்டுவிடும்.

வீட்டு வாசலில் வேலை

வெறும் கீறல்தான் என்று உறுதியானதா? வாருங்கள், வேலையைத் தொடங்கலாம்.

காரைத் தூக்குமுன் கைப்பிரேக்கைப் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி வையுங்கள். கரிமண் பூமியானால் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். அடியில் தடித்த பலகை போடுங்கள். கழற்றிய இடத்தில் ஸ்பேர் சக்கரத்தை மாட்டி, காரைக் கீழே இறக்கிவிட்டு நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

தோட்டத்தில் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் மிச்சம் இருக்கிறது, கழிவறை கழுவும் மருந்து இருக்கிறது என்று அவற்றை ரிம்மில் ஊற்றித் தேய்க்காதீர்கள். அலுமினியத்தை அவை தின்றுவிடும். சவர்க்காரமும் பழைய பிரஷ்ஷும் போதும்.

ரிம் காய்ந்ததும் 240-ஆம் எண் உப்புத்தாளால் கீறலின் கூரைத் தேய்த்து எடுங்கள். வெள்ளைப் பொடி பூத்த இடத்தில் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பொடியை விட்டு வைத்து மேலே அடித்தால் சில மாதங்களில் சாயம் உரிந்து வரும். பிறகு 400-ஆம் எண் தாளால் ஓரங்களைச் சமப்படுத்துங்கள். விரல் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல் இருந்தால் புட்டியை மெல்லியதாக இழுத்து, காய்ந்தபின் தேய்த்துவிடலாம். இது வெளிமுகத்தின் அழகுக்கு மட்டுமே. டயர் உட்காரும் விளிம்பிலும் நட்டுத் துளையைச் சுற்றியும் புட்டி வைக்கக் கூடாது.

இனி டயரை மறைக்க வேண்டும். பழைய சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சுற்றிலும் செருகிவிடுங்கள். சூதாடுவதைவிடச் சீட்டுக்கு இது நல்ல வேலை! நட்டுத் துளைகளிலும் காற்று வால்வின் மேலும் டேப் ஒட்டுங்கள்.

அடுத்தது அடிப்பூச்சு. இரும்பு ரிம்மானால் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுத் துருத் தடுப்பு பிரைமர் அடியுங்கள். வெற்று அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது. கடையில் 'எட்ச் பிரைமர்' என்று கேட்டு வாங்குங்கள். அது உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். புட்டி வைத்திருந்தால், எந்த பிரைமரை அதன்மேல் அடிக்கலாம் என்று டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே டின்னை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசி அடியுங்கள். ஒரே தடவையில் மூட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். சாயம் கண்ணீர் வடிக்கும். மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடமாவது பொறுங்கள். அதன்பின் நிறம், கடைசியில் பளபளப்புக்கான 'கிளியர்' பூச்சு.

நம் நாட்டு வானிலையையும் கவனியுங்கள். பிற்பகலில் மழை இறங்கும் நாள்கள் பல. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அடித்தால் பூச்சு பால்போல வெளிறிப்போகும். காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மதியத்துக்குள் முடிப்பது நல்லது. காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து செய்யுங்கள். அருகே அடுப்பும் சிகரெட்டும் கூடாது. குழந்தைகளையும் தள்ளி வையுங்கள். ஒரு நாளாவது நன்றாகக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

மாட்டுவதிலும் ஒரு முறை உண்டு

ரிம்மின் பின்புறம் காரோடு ஒட்டி உட்காரும் இடத்திலும், நட்டு உட்காரும் குழிவிலும் சாயம் இருக்கக் கூடாது. அங்கே தடிப்பாகச் சாயம் இருந்தால், ஓடும்போது அது நசுங்கி உதிர, இறுக்கிய நட்டு தளர்ந்துவிடும். அழகுக்குச் செய்த வேலையால் சக்கரமே கழன்று ஓடுவதும் இப்படித்தான்.

நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். நட்டில் கிரீஸ் தடவ வேண்டாம். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சாவி போட்டுப் பாருங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

நம்மில் பலர் முதன்முதலில் வாங்குவது பழைய கார்தான். கஞ்சிலோ மைவியோ, பல ஆண்டு சேமிப்பு அதில் இருக்கும். கார் மங்கலாயிருக்க, ரிம் மட்டும் புது மாப்பிள்ளைபோல் மின்னினால் மயங்கிவிடாதீர்கள். குனிந்து உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெல்டிங் தடமோ சுத்தியல் பட்ட தழும்போ தெரிந்தால், டயர் கடையில் கழற்றிக் காட்டிய பிறகு விலை பேசுங்கள்.

வாங்கிய பின் ரிம்மைக் காப்பது டயரின் காற்றுதான். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்குக் காற்று வையுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம் என்று வீடே ஏறி உட்காரும் நாளில், குறைந்த காற்றோடு குழியில் இறங்கினால் டயர் நசுங்கி அடி நேரே ரிம்மில் விழும். அந்தக் காரில் இருப்பது நம் குடும்பம் அல்லவா?

அடுத்த முறை பெக்கான் நானாஸ் வழியாகப் பொந்தியானுக்கோ குக்குப்புக்கோ போகும்போது, மதகு வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள். சாலையோரத்தில் நிறுத்தி நல்ல பழமாக இரண்டு வாங்குங்கள். அவர்கள் பழத்தைச் சீவித் தரும் நேரத்தில், நான்கு சக்கரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.