தவிட்டு மணம்

குறிஞ்சி முதலில் தவறவிட்டது எங்கள் வீட்டுத் திண்ணையைத்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்குகிற திண்ணை. அன்று மத்தியானம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது, பின்னங்கால்களை ஒடுக்கித் தாவியது, விளிம்புக்கு அரை முழம் தள்ளிச் சுவரில் மோதி விழுந்தது. பூனை விழுந்தால் நாலு காலில் நிற்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இது பக்கவாட்டில் கிடந்தது. எழுந்தபோது கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, தரை ஆடுகிறதா என்று சோதிப்பதுபோல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தது.

அது எழுபதுகளின் கடைசி. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கம்போளத்தில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கரமனை ஆற்றுக்குப் போகிற சந்து ஒன்றில் வாடகை வீடு. பூனைக்குக் குறிஞ்சி என்று பெயர் வைத்தது பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா. வளர்த்தது ஆச்சி. மாடியில்லாத அந்த வீட்டில் ஆச்சியின் மடிதான் அதற்கு உயர்ந்த இடம்.

மறுநாளைக்குள் வேறொரு மாற்றம் வந்தது. குறிஞ்சியின் தலை நிமிரவில்லை. மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நடக்கும்போதும் உட்காரும்போதும் எதையோ குனிந்து தேடுவதுபோலவே இருந்தது. கண்மணிகள் நல்ல வெயிலில்கூடச் சுருங்காமல், கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து நின்றன. ஆச்சி மீன்தலையை முன்னால் வைத்தால் முகர்ந்துவிட்டு எச்சில் ஒழுக நின்றது, தின்னவில்லை. தூக்கினால் உடம்பு உருண்டையாகச் சுருண்டு, தலை வயிற்றுக்குள் போனது. அன்றிரவு அடுக்களை மூலையில் அதற்கு வலிப்பு வந்தது. படுத்தபடி நாலு காலாலும் ஓடியது. நகங்கள் சிமெண்டுத் தரையில் கீறுகிற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்தோம். அம்மை என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கில் பார்த்தேன்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். கண் பட்டிருக்கிறது என்று ஆச்சி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். தலையில் அடிபட்டிருக்கும் என்றார் அப்பா. சந்து முனையில் மருந்துக்கடை வைத்திருந்தவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “பேவிஷமா இருக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. சாக்கில போட்டுக் கட்டிக் கொண்டு விட்ருங்க” என்றார்.

பேவிஷம் என்றால் வெறிநாய்க்கடி நோய். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் மாறியது. அம்மை என் கையையும் தங்கையின் கையையும் விளக்கடியில் பிடித்து நகக்கீறல் இருக்கிறதா என்று தேடினாள். பூனை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளின் கையில் கீறல் இல்லாமல் இருக்குமா? அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவான். அன்றிரவு எனக்கு என் வயிற்றைப் பற்றிய பயமும் குறிஞ்சியைப் பற்றிய பயமும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரிக்கத் தெரியாமல் அழுதேன்.

சாக்கு என்ற பேச்சை ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “சாகணும்னா என் மடியில சாகட்டும்” என்றாள். விடிந்ததும் பனையோலைக் கடவத்தில் பழைய சேலையை விரித்துக் குறிஞ்சியைப் படுக்கவைத்து, மேலே துண்டைக் கட்டினாள். அப்பா கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தார். கிள்ளிப்பாலம், ஓவர்பிரிட்ஜ், ஸ்டாச்சு, பாளையம். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆச்சி கடவத்தை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மிருகாஸ்பத்திரி முற்றத்தில் பசுக்களும் ஆடுகளும் நின்றன. கோழிக்கூடையோடு சிலர் இருந்தார்கள். அந்த நாளில் பூனைக்கு வைத்தியம் பார்க்க யாரும் வருவதில்லை. கடவத்துக்குள் என்ன என்று எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆச்சி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் மண்ணுத்திக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர். சிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, நாய் ஏதாவது கடித்ததா, யாரையாவது பாய்ந்து கடித்ததா, குரல் மாறியதா என்று முதலில் கேட்டார். பேவிஷத்தை அவரும் ஒதுக்கிவிடவில்லை. பிறகு டார்ச் விளக்கைக் கண்ணில் அடித்தார். கண்மணி அசையவில்லை. ஒரு விரலால் மோவாயைத் தூக்கினார். விரலை எடுத்ததும் தலை மறுபடி நெஞ்சில் விழுந்தது. அந்த விழுந்த தலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கேட்டது, அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

“இவள்க்கு எந்தா தின்னான் கொடுக்குன்னது?”

“மீனு” என்றாள் ஆச்சி.

“வேவிச்சோ, பச்சையோ?”

பச்சைதான் என்று ஆச்சி பெருமையாகவே சொன்னாள். பூந்துறையிலிருந்து கூடை சுமந்து வருகிற அம்மாள் தினம் எங்கள் வாசலில் இறக்குவாள். சாளை மலிந்த மாசங்கள் அவை. கிணற்றடியில் அம்மை மீன் கழுவும்போது தலையும் குடலும் குறிஞ்சிக்கு. சோறு வைத்தால் தொடாது. பாலும் வேண்டாம். பிள்ளை ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்று ஆச்சி அதை மட்டுமே கொடுத்தாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றின் கழுத்தை ஒடித்தார். அந்த மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அப்பாவின் கடையில் பின்கட்டில் அடுக்கியிருக்கும் தவிட்டு மூட்டை மழைக்காலத்தில் வீசுகிற வாடை. பி1 வைட்டமின் ஊசிமருந்து. ஊசி ஏற்றிக்கொண்டே அவர் அப்பாவிடம் என்ன வேலை என்று கேட்டார். அரிசிக்கடை என்றதும் முகம் மலர்ந்து, “நீங்க தவிடுன்னு மாட்டுக்கு விக்கிறதிலே இருக்கிற சத்துதான் இது” என்று பாதித் தமிழில் சொன்னார். பல மீன்களின் குடலிலும் தலையிலும் இந்தச் சத்தைத் தின்றுவிடுகிற ஒரு பொருள் இருக்கிறது, அடுப்பில் வைத்தால் அது செத்துவிடும், பச்சையாகக் கொடுத்தால் பூனையின் உடம்பிலிருக்கிற கொஞ்சத்தையும் காலி பண்ணும். நாயைவிடப் பூனைக்கு இந்தச் சத்து கூடுதலாக வேண்டும், சேமித்து வைக்கவும் அதன் உடம்புக்கு முடியாது. சத்து தீர்ந்தால் மூளைதான் முதலில் தடுமாறும். மருந்து கேட்டால் நோய் இதுதான், கேட்காவிட்டால் வேறு யோசிக்கலாம், அதுவரை தனி அறையில் வைத்துப் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள் என்றார்.

பிற்காலத்தில் இதைத் தேடித் தேடிப் படித்தேன். 1932-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணை நரிகள் பச்சை மீன் தின்று கால் விழுந்து செத்தன. நோய்க்கே அவர் பெயர் வந்துவிட்டது. 1954-ல் பம்பாயிலிருந்து கமலா சோஹோனியும் உடன் ஆய்வாளரும் நம்முடைய நன்னீர், கழிமுக, கடல் மீன்களில் பி1 சத்தைத் தின்றுவிடுகிற அந்தப் பொருள் இருப்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இன்னும் பின்னால் போனால் 1890 வாக்கில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர். அவருடைய சோதனைக் கோழிகள் ஆஸ்பத்திரியில் மீந்த வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்று தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் பட்டாளத்து அரிசியைக் கோழிக்குத் தரமாட்டேன் என்றார். தவிடு போகாத மட்ட அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறின. இதே சத்து குறைந்து மனிதருக்கு வருகிற பெரிபெரி நோயின் முடிச்சு அங்கேதான் அவிழத் தொடங்கியது. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி தின்ற எங்கள் தெருவைக் காப்பாற்றிய சத்தைத்தான் குப்பியில் அடைத்துக் குறிஞ்சிக்கு ஏற்றினார்கள் என்பது தெரிந்தபோது, அந்த டாக்டர் ஏன் அரிசிக்கடை என்றதும் அப்படிச் சந்தோஷப்பட்டார் என்று புரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குறிஞ்சி தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஆச்சி கூப்பிட்டதும் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வந்தது. ஆச்சி அந்த இடைவெளியில் உண்மையாகவே விரலை விட்டுப் பார்த்தாள். “ஏட்டி, நிமிந்துட்டா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து அம்மை ஓடிவந்தாள். ஊசி தொடர்ந்தது. கண்மணிகள் ஒடுங்கின. வலிப்பு திரும்பவில்லை. வாரம் திரும்புவதற்குள் தானே நடந்து ஆச்சி மடிக்கு வந்தது. லேசான தள்ளாட்டம் மட்டும் கடைசிவரை போகவில்லை. மதில்மேல் அது பிறகு ஏறவே இல்லை.

மீன்கார அம்மாளுக்குத்தான் கோபம். “எங்க துறையில பூச்சையெல்லாம் பச்சை மீனுதானே தின்னுது? அதுக்கு ஒண்ணும் வரலியே?” என்று வாசலில் நின்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த ஊசிக்குப் போனபோது அப்பா அதை டாக்டரிடமே கேட்டுவந்தார். கடற்கரைப் பூனை எலி தின்னும், பல்லி தின்னும், எச்சில் சோறும் குழம்பும் தின்னும். உங்கள் பூனை மீன்குடலைத் தவிர வேறெதையும் தொடவில்லை அல்லவா என்றாராம்.

அதன்பின் மீன்குடலுக்கென்று தனிக் கலயம் வந்தது. ஒரு பிடி கஞ்சிச் சோற்றோடு வேகவைத்து, ஆறவைத்து, முள் நீக்கி ஆச்சி வைப்பாள். குறிஞ்சி ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பியது. விரலில் எடுத்து வாயில் தடவித் தடவித்தான் பழக்கினாள். அடுத்த மழைக்காலத்தில் அது குட்டி போட்டபோது கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அவிச்ச மீனுதான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒரு குட்டியை அந்த மீன்கார அம்மாளே கேட்டாள். ஆச்சி அவளுக்கும் விலக்குத் தரவில்லை. “பூச்சைக்கு மீனு அவிச்சுக் கொடுத்தா எங்க துறையில சிரிப்பாங்க, ஆச்சி” என்று சொல்லிக்கொண்டே அவள் தலையாட்டினாள், காலிக் கூடையில் ஈரத் துணியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியை விரித்துக் குட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள்.