கருவடிக்குப்பத்தில் ஒரு தகரப் பெட்டி

புதுவை நகரின் வடபுறத்தே, முத்தியால்பேட்டையையும் இலாசுப்பேட்டையையும் அடுத்து அமைந்துள்ளது கருவடிக்குப்பம். பெயரில் குப்பம் உண்டு; கண்ணெதிரே காண்பதோ மாடி வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. சித்தானந்த சுவாமிகள் திருக்கோயிலால் பெயர் பெற்ற இடம் இது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் அக்கோயிலைப் பாடியிருக்கிறார். அவருடைய குயிற்பாட்டு பிறந்த மாஞ்சோலை இப்பக்கமே இருந்தது என்று ஊரார் பெருமையுடன் சொல்வர். தோப்பு போய்விட்டது, தெருக்கள் வந்துவிட்டன.

இப்பகுதியின் தெருக்களில் நடந்து செல்வோர், ‘சொல்தா வீடு’ என்று அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டக் கேட்கலாம். சொல்தா என்பது பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவருக்குப் புதுவை மக்கள் வழங்கும் பெயர். 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வகை செய்யப்பட்டது. அவ்வாறு எழுதிக் கொடுத்த இளைஞர்களுள் ஒருவரை, இன்று எண்பதைக் கடந்த முதியவராக, அவருடைய மனைவியாருடன் நாம் அறிவோம். பதினைந்து ஆண்டுகள் படையில் இருந்து, 1978-இல் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர் அவர். மகன் பிரான்சு நாட்டில்; பெற்றோர் கருவடிக்குப்பத்தில்.

அயல்நாட்டுப் பணம் வரும் வீடு என்றதும், அங்கே கவலை ஏது என்று பலர் எண்ணுவர். கவலைகள் உண்டு, அவை சிறியவை, சில நேரம் சிரிப்பூட்டுபவை. பெரியவர் ஒன்று என்ற எண்ணைப் பிரெஞ்சு முறைப்படி, மேலே நீண்ட கோடிழுத்து எழுதுவார். நம் ஊர்க் கண்களுக்கு அது ஏழாகத் தோன்றும். ஒருமுறை இதனாலேயே அவருடைய காசோலை திரும்பி வந்தது. “படையிலே என் கணக்கை யாரும் தவறு என்று சொன்னதில்லை” என்று அவர் குமுறினார். “அங்கே எல்லாரும் உங்களைப் போலவே எழுதினாங்க, இங்கே நீங்க ஒருத்தர்தானே” என்றார் அம்மையார்.

மற்றொன்று கடிகாரத்தால் வருவது. மகன் ஞாயிறுதோறும் அங்கே மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் பேசுவார். கோடையில் அது நமக்கு இரவு ஒன்பதரை. அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பர். அன்று முதல் அதே ஆறு மணி நமக்குப் பத்தரை ஆகிவிடும். ஆண்டுதோறும் நிகழ்வதாயினும், ஆண்டுதோறும் இருவரும் இதை மறப்பர். அந்த ஒரு மணி நேரம் தொலைபேசியின் அருகே அமர்ந்து, பேரப்பிள்ளைக்கு என்ன நேர்ந்ததோ என்று கலங்குவர். மணி ஒலித்ததும், கலங்கியவர் தாம் அல்லர் என்று ஒருவரையொருவர் சுட்டுவர்.

இவற்றினும் பெரியது, ஆண்டுக்கொருமுறை வரும் ‘உயிர்ச் சான்று’. ஓய்வூதியம் பெறுபவர் உயிரோடிருக்கிறார் என்று மெய்ப்பித்துத் தாளனுப்ப வேண்டும். காலம் தவறினால் பணம் நின்றுவிடும். எழுத்துகள் யாவும் பிரெஞ்சு மொழியில். பெரியவர் அறிந்ததோ படைவீட்டுப் பிரெஞ்சு. அலுவலகப் பிரெஞ்சுக்குப் பக்கத்து வீட்டு மாணவனைத்தான் அழைக்க வேண்டும். அம்மையார் இதில் தலையிட்டதில்லை. தாள்கள் யாவும் கட்டிலின் கீழே ஒரு தகரப் பெட்டியில். அதன் திறவுகோல் கணவர் இடுப்பில். ஐம்பதாண்டு இல்லறத்தில் அப்பெட்டியை அவர் திறந்து பார்த்ததில்லை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாழ்ந்த தெருவிலிருந்த அவர்கள் வீட்டில் முழங்காலளவு நீர். இருவரும் அண்டை வீட்டு மாடியில் தங்கித் திரும்பியபோது, பெட்டிக்குள்ளும் நீர் நிறைந்திருந்தது.

அடுத்த இரண்டு நாள்களும் அவ்வீட்டுக் கொடியில் தாள்களே உலர்ந்தன. நாம் சென்றபோது அம்மையார் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, “இது என்னங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் நாற்காலியில் அமர்ந்து விடை சொல்லி வந்தார். இது படைப் பணிப் புத்தகம். இது ஓய்வூதிய ஆணை. இது நம் திருமணமும் பிள்ளையின் பிறப்பும் எழுதிய குடும்பப் பதிவேடு. இடையே ஒரு தாளில் அவர் குரல் தணிந்தது. தாம் மறைந்தபின் மனைவிக்கு அவ்வோய்வூதியத்தில் பாதி கிடைக்க வழியுண்டு என்று கூறும் தாள் அது. அது தானாக வந்து சேராது. அவரே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இந்தப் பதிவேடு வேண்டும்.

“இத்தனை நாள் ஏங்க சொல்லலை?” என்றார் அம்மையார்.

“சொன்னால் நீ அழுவாய் என்று நினைத்தேன்.”

“இப்ப மட்டும் என்ன, சாமி?” என்று நம் பக்கம் திரும்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பின் தாளையும் துடைத்தார்.

இன்று அப்பெட்டி பரணில் இருக்கிறது. மூடியின் உட்புறம், எந்தத் தாள் எதற்கு என்று அம்மையார் தம் கையால் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். திறவுகோல் சுவரில் தொங்குகிறது. ஜூலை 14 அன்று, கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்திற்குப் பதக்கங்களணிந்து செல்லும் முதிய வீரர்களுள் அப்பெரியவரும் ஒருவர். “பதக்கம் அவர் சட்டையிலே, சாவி என் கையிலே” என்று சொல்லிச் சிரிக்கிறார் அம்மையார்.

அன்பு வாசகர்களே, பிரெஞ்சு ஓய்வூதியம் எல்லார் வீட்டிலும் இல்லை. ஆனால் வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம், காப்பீட்டுத் தாள் ஆகியவை எங்கே உள்ளன என்று ஒருவர் மட்டுமே அறிந்த வீடுகள் பல. அன்பினால் மறைத்து வைப்பதும் மறைத்து வைப்பதே. புயல் நீர் வந்து திறக்குமுன், ஒரு ஞாயிறு மாலை கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து அப்பெட்டியைத் திறப்பது நலம்.