கவுண்டருக்கு இந்தப் பக்கம்

போன வாரம் என் தங்கை போன் செய்தாள். அவள் மருமகளுக்கு ஆறு மாதம். ஊருக்கு வந்த பெண் அடுத்த மாதம் பாரிஸுக்குத் திரும்ப வேண்டும். "அக்கா, மாசமா இருக்கிற பொண்ணுன்னு சொன்னா பிளேன்ல முன்னாடி பெரிய சீட்டு குடுப்பாங்களாமே? நீ உன் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனியே, குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"குடுக்கல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுதும் சொன்னதாக ஆகாது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் பெண்ணோ மருமகளோ வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

2013ஆம் வருஷம். என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் திவசத்துக்கு வந்தே தீருவேன் என்று பெண் பிடிவாதமாக இருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. முதலில் தரித்தது ஒன்று நிற்காமல் போயிருந்ததால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அங்கே பார்க்கிற டாக்டர், "தாராளமாகப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்ததும் வந்து சேர்ந்தாள். திவசம் முடிந்து, சில வாரம் தங்கி, புறப்படுவதற்கு முன் சின்னதாக ஒரு வளைகாப்பும் செய்தோம். நான் ஓரமாகத்தான் நின்றேன். அவள்தான் எல்லார் எதிரிலும் கையை என் பக்கம் நீட்டி, "முதல் வளையல் நீ போடும்மா" என்றாள். போட்டேன்.

பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். பிரான்சில் முதல் குழந்தைக்கு 16 வாரம் லீவு. அதில் 6 வாரம் பிரசவத்துக்கு முன், 10 வாரம் பின். அதுவரை வேலைக்குப் போகவேண்டும். அதனால் அவளோடு நானும் போவதாக முடிவாயிற்று. எனக்குக் கிடைத்தது 90 நாள் விசா. புறப்படும் அன்று அவளுக்குச் சரியாக 27 வாரம். 40 வாரம் என்று கணக்குப் போட்டால் மீதி 91 நாள். முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்த எனக்கு அந்த ஒரு நாள் துண்டு விழுந்தது பெரிய கவலை!

பாண்டிச்சேரியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் காரில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டும்போதே அவள் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. அதிகாலை விமானம். வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாறவேண்டும். முதலில் நாலரை மணி நேரம், அடுத்தது ஏழு மணி நேரம். டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டிலும் எங்களுக்கு நடு சீட்டு. அவசரத்தில் வாங்கிய மலிவு டிக்கெட், வேறென்ன வரும்?

"கவுண்டர்ல கேட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

"வேணாம்மா. வயித்தைக் காட்டிப் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும்."

"நீ சும்மா நில்லு. நான் கேட்கிறேன்."

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். நம்மூர்ப் பெண். எத்தனை மணியிலிருந்து நிற்கிறாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முதல் கேள்வி, "எத்தனை வாரம் மேடம்?" டாக்டர் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிசினஸ் வகுப்பில் இடம் இருக்கிறது, ஆனால் ஒரு ஆளுக்கு 85,000 ரூபாய் கட்டவேண்டும் என்றாள். அது என் பென்ஷனில் ஆறு மாதம்.

"பணம் கட்ட முடியாதும்மா. இடம் காலியாத்தானே போகுது? மாசமா இருக்கிற பொண்ணு, கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா?"

"சாரி மேடம். அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபத்தால் அல்ல. அது என் வாக்கியம். என் சர்வீஸில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அதில் ஒரு தடவை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1983, மே மாதம். நான் அப்போது இளநிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் ஜன்னல் என்னுடையது. எனக்கு ஏழு மாதம், இதே பெண்தான் வயிற்றில். முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, பியூன் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். வெளியே வரிசையில் ஒரு பெண், பாகூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள். அவளுக்கும் ஏறக்குறைய அதே மாதம்தான் இருக்கும். ஜன்னலை எட்டிப் பார்த்து, "நிக்க முடியலம்மா, முன்னாடி விடுங்க, இல்லன்னா உக்காரவாவது எடம் குடுங்க" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான். வரிசையை விட்டுட்டு உக்காந்தா இடம் போயிடும்" என்றேன்.

ஒரு மணி அடித்தது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டேன். மேஜையில் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். இரண்டு மணிக்குத் திறந்தபோது அவள் இல்லை. மறுநாளும் வரவில்லை. மனு என் கைக்கு வராததால் அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பியூனுடைய ஸ்டூல் நாள் முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. அதை எடுத்து வெளியே போடச் சொல்வதற்கு எந்த ரூலும் வேண்டியிருக்கவில்லை. இது அப்போது தோன்றவில்லை. முப்பது வருஷம் கழித்து மீனம்பாக்கத்தில் தோன்றியது.

எனக்கு வாதாட மனசு வரவில்லை. "சரிம்மா, உங்க நிலைமை புரியுது. உங்க அதிகாரத்துக்குள்ள வேற என்ன செய்யமுடியுமோ அதைச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கவுண்டர் மூடற வரைக்கும் ஓரமா உக்காருங்க மேடம், பார்க்கிறேன்" என்றாள். ஒரு நாற்காலியும் கொண்டுவரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டு வேறு போர்டிங் பாஸ் கொடுத்தாள். மூன்று சீட் வரிசை. ஓரத்தில் என் பெண், ஜன்னலோரம் நான், நடு சீட்டு யாருக்கும் போகாதபடி அடைத்துவிட்டாள். "இது என்னால முடியும். அடுத்த ஃபிளைட் ஃபுல்லா இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க" என்றாள். நாலரை மணி நேரமும் பெண் என் மடிமேல் காலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

வளைகுடாவில் மறுபடி கேட்டேன். இந்த முறை என் பிரெஞ்சை எடுத்துவிட்டேன். கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவளாயிற்றே! கர்ப்பிணிக்கு பிரெஞ்சில் "ஆன்சேந்த்" என்பார்கள். அதே சொல்லுக்குக் கோட்டை மதில் என்றும் பொருள். எங்கள் வகுப்பில் சரித்திரப் பாடத்தில்தான் அந்தச் சொல்லை முதலில் படித்தோம். 1761இல் இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியைப் பிடித்து மதிலை இடித்தான் என்று சிஸ்டர் வாசிக்க, விஷயம் தெரிந்த பெரிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஏன் என்று விளங்க இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்துக்காகச் சொன்னேன். பலன் இல்லை. அங்கிருந்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "விமானம் நிறைந்துவிட்டது மதாம்" என்றார்.

உள்ளே போனால் ஓர சீட்டில் ஒரு வயதானவர், கோட்டு போட்டு, மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டு, இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஆரம்பித்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "பாண்டிச்சேரியா?" என்றார் தமிழில். எங்கள் ஊர் ஆசாமி! பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. "பாப்பா இங்க உக்காரட்டும். நான் அல்ஜீரியாவுல ராணுவ லாரியில சாக்கு மூட்டை மேல உக்காந்து நாள் கணக்கா போனவன். இது என்ன, மெத்தை!" என்று நடு சீட்டுக்கு நகர்ந்துகொண்டார். ஏழு மணி நேரத்தில் எழுந்தது ஒரு தடவைதான். ஒரு மணிக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எழுந்து நடம்மா" என்று அவளுக்கு மட்டும் கட்டளை போட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது வீக்கம் இருந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

பாரிஸில் மெட்ரோ ரயிலில் முதல்முறை ஏறியபோது சீட்டின் மேலே ஒட்டியிருந்ததைப் படித்தேன். போரில் ஊனமுற்றவர்கள், பார்வையற்றவர்கள், பிறகு கர்ப்பிணிகள், 4 வயசுக்குட்பட்ட குழந்தையோடு வருபவர்கள் என்று யாருக்கு முதலில் இடம் என வரிசையாக எழுதியிருக்கிறது. அங்கே அதையும் ரூலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டூல் கொடுக்கக்கூட ரூல் கேட்கும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அதுவும் வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் தங்கைக்கும் உங்களுக்கும், நான் கற்றுக்கொண்டவை.

கர்ப்பிணி என்பதற்காக மட்டும் மேல் வகுப்பு இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கீழே ஆள் நிரம்பி வழிந்து சிலரை மேலே ஏற்ற நேர்ந்தாலும், அடிக்கடி பறந்து புள்ளி சேர்த்தவர்களுக்குத்தான் பொதுவாக முதல் உரிமை. அந்தப் புள்ளி உங்கள் மாப்பிள்ளையிடம் இருந்தால் அதை இதற்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். பிசினஸ் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் நடுவில் ஒரு வகுப்பு சில விமானங்களில் உண்டு. அதன் விலையையும் கேளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே ஓர சீட்டு, கழிப்பறைக்குக் கிட்டே, என்று பணம் கட்டியாவது எடுத்துவிடுங்கள். அவசர வழிக்குப் பக்கத்தில் கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் கர்ப்பிணிகளுக்கு அதைத் தரமாட்டார்கள். தடுப்புச் சுவருக்கு எதிரான முதல் வரிசை கைக்குழந்தைக்காரர்களுக்குப் போகும். மிஞ்சினால் கிடைக்கும், கேட்கலாம்.

பெரும்பாலான கம்பெனிகள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சான்றிதழ் கேட்கின்றன. ஒற்றைக் குழந்தையானால் 36 வாரத்தோடும், இரட்டையானால் 32 வாரத்தோடும் நிறுத்திவிடுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போகும்போதும் வரும்போதும் இரண்டு தேதிக்கும் பாருங்கள். 28 ஆகவில்லை என்றாலும் கடிதம் கையில் இருக்கட்டும்.

கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம், நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் அதிகம். மணிக்கு ஒருதரம் நடக்கவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போடவேண்டும், வயிற்றின் மேல் கூடாது. இவ்வளவும் மேல் வகுப்பில் போனாலும் செய்யவேண்டியதுதான்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "முடியாது" என்று பதில் வந்தால் சண்டை போடாமல், "சரி, உங்களால் என்ன முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். கேட்டவர்கள் குறைவு. கேட்காமலே செய்தவர்கள் அதைவிடக் குறைவு.

என் பேத்தி 38 வாரம் முடிந்து ஐந்தாம் நாள் பிறந்தாள். விசாவில் மிச்சமிருந்த எட்டு நாளும் அவளைக் கையை விட்டு இறக்கவில்லை. துண்டு விழுந்த ஒரு நாளுக்காகப் பட்ட கவலை வீண்.

பாகூர் பெண்ணின் குழந்தையும் நல்லபடியாகப் பிறந்திருந்தால் என் பெண்ணின் வயசுதான் இருக்கும். எங்கள் பக்கத்து பஸ்ஸில் அந்த வயசில் யாரையாவது பார்த்தால் இப்போதும் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்க்கிறேன். தங்கைக்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டப் போகிறேன். இந்தக் கதை அவளுக்கும் தெரியாது.