விளக்குக்குள் மணல்

உடப்புத் திரௌபதை அம்மனின் ஆடித் தீமிதிப்பு நெருங்கினால், எமது வீட்டுக் குத்துவிளக்கும் முற்றத்துக்கு வந்துவிடும். பழப்புளியின் அமிலம் பித்தளையிற் படிந்த களிம்பைக் கரைக்கும். கடற்கரை மணல் அதனைத் தேய்த்தெடுக்கும். துலக்குவது எளிது; மணலைப் பிரிப்பதே பெரும்பாடு. அன்னையார் விளக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றி, நன்னீர்த் தொட்டியில் தலைகீழாக அமிழ்த்தி அசைப்பார். மணல் அடியிற் தங்கும். பின்பு திருகுபுரிகளைத் தென்னந்தும்பினால் துடைப்பார். (தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை எஃகூசிகளோடு நீரிலிட்டு உருட்டித் துலக்குவோர், ஊசிகளைக் காந்தத்தாற் கவர்ந்தெடுப்பர். மணலிடம் அந்த வித்தை செல்லுமா?)

அவர் மறைந்த ஆண்டில் நாமே துலக்கினோம். பட்டம் பெற்ற துணிவில், புரிகளைத் துடையாமலே தண்டினை முறுக்கினோம். நறநறவென்றது, மேலும் முறுக்கினோம். அன்று இறுகிய தண்டு இன்றுவரை கழலவில்லை. ஆடிதோறும் முழுவிளக்காகவே துலக்குகின்றோம். சாய்த்தால், அவ்வாண்டு மணல் உள்ளே சலசலக்கின்றது.