கலிலியோவின் விரல்

பிளாரன்ஸுக்கு வரும் வழியில், ரயில் ஜன்னலில் மான் கூட்டம் பார்த்ததாகச் சொன்னான் என் பையன். "தூக்கக் கலக்கமடா!" என்று சிரித்தேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் ஆர்னோ நதிக்கரையிலுள்ள கலிலியோ மியூசியத்துக்குப் போனோம். 1610-ஆம் ஆண்டில் வியாழனின் நான்கு சந்திரர்களைக் கலிலியோவுக்குக் காட்டிய கண்ணாடி வில்லை, தந்தச் சட்டத்துக்குள் விரிசலோடு இருக்கிறது. "இத்தனூண்டா!" என்று வியந்தான் பையன்.

இன்னோரிடத்தில், முட்டை வடிவக் கண்ணாடிக்குள் ஒரு விரல்! சாட்சாத் கலிலியோவின் வலக்கை நடுவிரல்தான். 1642-ல் காலமானவரின் உடலை 1737-ல் புதுக் கல்லறைக்கு மாற்றியபோது எடுத்தது.

"உயிரோடு இருந்தபோதும் இப்படிக் கொண்டாடினார்களா, அப்பா?" என்றாள் என் பெண்.

மாட்டிக்கொண்டேன்! பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் ரோமாபுரியில் அவரை விசாரித்ததையும், சாகும்வரை வீட்டுக் காவலில் வைத்ததையும் சொன்னேன்.

"அது தப்பென்று யாருமே ஒப்புக்கொள்ளவில்லையா?"

"ஒப்புக்கொண்டார்கள், அம்மா. 1992-ல், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால்."

பெண் மனக்கணக்குப் போட்டாள். "அடேயப்பா, 359 வருஷம்!"

வாசலுக்கு வந்ததும் பையன் மெல்ல என் கையைப் பிடித்தான். "அப்பா, அந்த மான்..."

"நீ பார்த்திருப்பாய், ராஜா. நான்தான் பார்க்கவில்லை. சிரித்தது என் தப்பு" என்றேன்.

குழந்தையை 359 வருஷம் காக்க வைக்கலாமா, சொல்லுங்கள்!