நாக்கு எட்டாத இடம்

“கத்துற நாயைப் பத்திக் கவலை இல்ல தம்பி. சத்தமே இல்லாம மூலையில சுருண்டு கெடக்குது பாருங்க, அதைத்தான் மொதல்ல பாக்கணும்” என்றார் அக்கா.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளடங்கிய ஒரு சிற்றூர். வேப்பமரத்தடியில் இரண்டு தகரக் கொட்டகை, கம்பிவலை அடித்த ஆறு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. நாய்க் காப்பகம் என்பது இவ்வளவுதான். அக்கா இங்கே வேலைக்கு வருவதற்கு முன் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்.

மூலையில் கிடந்த செவலை நாயைக் கோணியோடு தூக்கி வந்து மேசைமேல் கிடத்தினார். காடாத்துணிக் கிழிசலால் வாய்க்கு ஒரு கட்டு. கழுத்துக்குப் பின்னால் முடியைக் கத்தரித்ததும்தான், ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்ணும் அதற்குள் நெளிவதும் தெரிந்தன.

“நாக்கு எட்டுற எடமா இருந்தா அதுவே நக்கிக்கும். எட்டாத எடம்தான் ஈக்குத் தோது.”

ஈ வைத்த முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்துத் துளைத்துக்கொண்டே போகும். மூச்சு விடுவது வால் பக்கத்தால். மருந்தில் நனைத்த பஞ்சைப் புண்ணின் வாயில் வைத்து அடைத்தால் மூச்சு முட்டி மேலே வரும். அந்த நேரம் பார்த்து இடுக்கியால் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே தங்கி அழுகும். ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். நாற்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை. முக்கால் மணி நேரமும் அவருடைய இடது கை நாயின் நெற்றியை விட்டு அகலவில்லை. “அவ்ளோதான்டா, இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று, பிள்ளைக்கு முள் எடுப்பவரைப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாய் ஒருமுறை முனகியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

இங்கே வேலை செய்யும் எல்லோரும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டவர்கள். அப்படியும் பல் பட்டால், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போகிறார்கள்.

சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது, “தூரமா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்களேன்.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. தெரியாத இடத்தில் விட்ட நாய்க்குத் தண்ணீர் எங்கே என்று தெரியாது, நிழல் தெரியாது. அங்கிருக்கும் நாய்கள் கடித்துக் குதறும். அது காலி செய்த தெருவிலோ, ஊசி போடாத வேறு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லும் 2023-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளில் இந்த நியாயம் இருக்கிறது. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வைக்கிறார்கள்.

அப்படிக் காதில் வெட்டு வைத்த கறுப்புப் பெட்டை ஒன்றை மதியம் திருப்பி விடக் கிளம்பினார்கள். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். டீக்கடை முன்னால் கதவைத் திறந்ததும் இறங்கியது. மைல்கல்லை முகர்ந்தது, பெஞ்சைச் சுற்றி வந்தது. “வந்துட்டியா?” என்று கடைக்காரர் ஒரு பொறையைப் போட்டார். அதைக் கவ்விக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்தது.

அக்கா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“நான் எறங்கினா பின்னாடியே வந்துடும் தம்பி.”